நெக்கர் கரையில் – 9: கேக் யார் செலவு?

இந்தியாவில் நள்ளிரவு பன்னிரண்டு அடிக்கும்போது, நவம்பர் மாத ஸ்டுட்கார்ட்டில் முந்தைய நாள் மாலை ஏழரை. குளிர்காலத்தில் இரண்டு ஊருக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். கோடையில் அது மூன்றரை ஆகும். அதனால் இங்கே குடியிருக்கிற தமிழருக்குப் பிறந்தநாள் ஒரு நாள் முன்னதாகவே, ராத்திரிச் சாப்பாட்டுக்குக் குக்கர் விசிலடிக்கிற நேரத்தில் தொடங்கிவிடுகிறது. என் கணவருக்கும் அப்படித்தான். மாமியார், நாத்தனார், கோயம்புத்தூரில் கூடப் படித்தவர்கள் என்று ஒருவர் மாற்றி ஒருவர் அழைத்துக்கொண்டே இருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மேல்வீட்டுப் பாட்டி, பகலில் எங்களுக்காக வாங்கி வைத்திருந்த பார்சலைக் கொடுக்க வந்தார். "பிறந்தநாள் நாளைக்குத்தானே?" என்றார். ஆமாம் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது.

ஜெர்மனியில் பிறந்தநாள் வாழ்த்தை முன்கூட்டிச் சொல்லக் கூடாது. சொன்னால் ஆகாது, கெட்ட சகுனம். தாமதமாகச் சொல்லலாம், தப்பே இல்லை. "எங்கள் ஊரில் இப்போது மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது, அங்கே நாளை பிறந்தாயிற்று" என்று விளக்கிப் பார்த்தேன். "அங்கே பிறக்கட்டும், உன் வீட்டுக்காரர் இங்கேதானே நிற்கிறார்" என்றார். சரியான பேச்சு! சகுனம் பார்ப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்குக் கதவைத் தட்டி, தானே காய்ச்சிய பிளம் ஜாம் பாட்டிலைக் கையில் கொடுத்து வாயார வாழ்த்திவிட்டுப் போனார்.

வந்தது நாற்பதாவது பிறந்தநாள். இந்த வட்டாரத்தில் அது சாதாரண எண் இல்லை. ஸ்டுட்கார்ட் ஷ்வாபியர் பூமி. ஷ்வாபியனுக்கு நாற்பது வயதில்தான் புத்தி வரும் என்பது ஜெர்மனி முழுக்க வழங்குகிற பழைய கேலி. கேலிக்கு ஆளானவர்களோ அதையே பெருமையாக்கிக்கொண்டார்கள்: எங்களுக்கு நாற்பதிலாவது வந்துவிடுகிறது, மற்றவர்களுக்கு வருவதே இல்லை! பொதுவாகவே 30, 40, 50 என்று பூஜ்யத்தில் முடியும் பிறந்தநாட்களைத்தான் ஜெர்மானியர் விமரிசையாகக் கொண்டாடுகிறார்கள். நடுவில் வருபவை கேக்கும் காப்பியுமாக முடிந்துவிடும். வடக்கே பிரேமன் நகரத்தில் இன்னொரு கூத்து. முப்பது வயதாகியும் கல்யாணம் ஆகாத ஆண், பேராலயத்துப் படிக்கட்டுகளைப் பெருக்க வேண்டும். நண்பர்கள் பாட்டில் மூடிகளைக் கொட்டிக்கொண்டே இருப்பார்கள். ஒரு பெண் வந்து முத்தம் கொடுத்தால்தான் விடுதலை. நூறு வயதைத் தொட்டவருக்கு நாட்டின் ஜனாதிபதியே வாழ்த்துக் கடிதம் அனுப்புவார். அறுபதுக்கும் எண்பதுக்கும் மாலையும் கழுத்துமாக மணையில் உட்காருகிற நமக்கு இதெல்லாம் விளங்காத விஷயமா என்ன!

விளங்கச் சற்று நேரம் பிடிப்பது செலவுக் கணக்குதான். சென்னையில் என் அலுவலகத்தில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் மற்றவர்கள் காசு போட்டுக் கேக் வாங்கி, மூன்று மணிக்கு அவரைக் கூப்பிட்டு வெட்டச் சொல்லி, பாதியை முகத்தில் பூசுவோம். இங்கே கேக்கும் தீனியும் பிறந்தநாள்காரர் பொறுப்பு. காலையில் வரும்போதே கொண்டுவந்து அலுவலகச் சமையலறையில் வைத்துவிட்டு, "சமையலறையில் கேக் இருக்கிறது" என்று எல்லோருக்கும் ஒரு வரி மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். கேக்தான் என்றும் இல்லை. ஸ்டுட்கார்ட்டில் பலர் வெண்ணெய் தடவிய ப்ரெட்செல்லைப் பேக்கரியிலிருந்து கூடையோடு வாங்கி வருவார்கள். என் கணவரும் அதையே கொண்டுபோனார், கூடவே நான் சுட்ட தேன்குழல் ஒரு டப்பா. பத்து மணிக்குள் இரண்டும் காலி. யோசித்துப் பார்த்தால் நாமும் பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் இருந்தோம். யூனிஃபார்ம் போடாமல் புதுச் சட்டையில் வந்து வகுப்பு முழுக்க ஆசை சாக்லேட் கொடுத்தது பிறந்தநாள் பிள்ளைதானே? வளர்ந்த பிறகு எப்படியோ மாறிப்போனோம்.

வெளியே சாப்பிடப் போவதிலும் அதே சட்டம். 'என் பிறந்தநாளுக்கு உங்களை அழைக்கிறேன்' என்றால் மொத்த பில்லும் அழைப்பவர் தலையில். 'அன்றைக்கு எங்காவது சேர்ந்து சாப்பிடலாமே' என்றால் அவரவர் காசு அவரவருக்கு. சாப்பிட்டு முடித்ததும் பரிமாறுபவர் வந்து கேட்கும் முதல் கேள்வியே "சேர்த்தா, தனித்தனியா?" என்பதுதான். தனித்தனி என்றால் முகம் சுளிக்காமல் பத்துப் பேரிடமும் என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு, பத்துக் கணக்குப் போட்டு, இடுப்பில் செருகியிருக்கும் கறுப்புத் தோல் பையைத் திறந்து பத்துப் பேருக்கும் சில்லறை கொடுப்பார். கல்லாவில் நின்று "நான் கொடுக்கிறேன்", "ஐயோ, கையை எடுங்க" என்று ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து இழுக்கும் நம் வழக்கத்தைவிட இது எவ்வளவோ மேல். அந்த இழுபறியில் இருக்கிற பிரியம் இதில் இல்லை என்பார்கள். இருக்கட்டும். யார் கொடுப்பார் என்று தெரியாமல் மெனு கார்டின் வலதுபக்க விலைப் பட்டியலை மட்டுமே படித்துக்கொண்டு உட்காரும் அவஸ்தையும் இதில் இல்லை.

எங்கே கூப்பிடுவது என்று பேச்சு வந்தபோது என் கணவர் யோசிக்கவே இல்லை. "பேசன்" என்றார்.

'பேசன்' என்றால் துடைப்பம். ஸ்டுட்கார்ட் நகர எல்லைக்குள்ளேயே திராட்சைத் தோட்டங்கள் உண்டு. நெக்கர் ஆற்றை ஒட்டிய சரிவுகளில் படிப்படியாக ஏறிப்போகும். அங்கே பயிர் செய்து ஒயின் எடுக்கும் விவசாயி, தன் வீட்டு முன்னறையையோ கொட்டகையையோ சாப்பாட்டுக் கடையாக்கிச் சொந்த ஒயினை விற்கலாம். தனியாக உணவக உரிமம் தேவையில்லை. வருஷத்தில் நான்கு மாதம்தான், நாற்பது இருக்கைக்கு மேல் கூடாது, எளிய சாப்பாடுதான் போட வேண்டும் என்பவை நிபந்தனைகள். கடை திறந்திருக்கிறது என்பதற்கு அடையாளம், வாசலில் கட்டித் தொங்கவிட்ட துடைப்பம். சார்லமேன் மன்னர் காலத்திலேயே தொடங்கிய வழக்கம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். வீடியோ அழைப்பில் அதைப் பார்த்த மாமியார், "நல்ல நாளும் அதுவுமா வெளக்குமாத்தைப் பாத்துட்டா உள்ள போறீங்க?" என்றார். மாடிப்படி பெருக்கும் முறைவாரத்தைப் பற்றிச் சென்ற வாரம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். இந்த ஊரில் துடைப்பத்துக்கு இருக்கும் மரியாதையே தனி.

உல்பாக் பக்கத்தில் ஒரு சந்து, அதன் முனையில் அந்த வீடு. கதவைத் திறந்ததும் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. உள்ளே அவ்வளவு வெப்பம், அவ்வளவு பேச்சு. நீண்ட மரமேசைகள், முதுகு சாயாத பெஞ்சுகள். முன்பதிவு செய்திருந்தும் மேசை முழுவதும் எங்களுக்கு இல்லை. ஓரத்தில் ஏற்கெனவே நான்கு பெரியவர்கள் இருந்தார்கள். பேசனில் நெருக்கியடித்து உட்காருவதுதான் முறை. தாராளமாக இடம் வேண்டும் என்பவர் வேறு ஓட்டலுக்குப் போகலாம். கால் லிட்டர் பிடிக்கிற, கைப்பிடி வைத்த கண்ணாடிக் குவளையில் ட்ரோலிங்கர் என்கிற வெளிர் சிவப்பு ஒயின் வந்தது. அதே குவளையில் எனக்குத் திராட்சைச் சாறு. மது விற்கும் எந்தக் கடையிலும், மிகக் குறைந்த விலை மதுவைவிட விலை கூடாத மதுவற்ற பானம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று ஜெர்மனியில் சட்டமே உண்டு. குடிக்காதவரை இவ்வளவு அக்கறையாக நினைத்துப் பார்த்த நாட்டில், குடிதண்ணீர் மட்டும் பாட்டிலில், விலைக்குத்தான் வரும். உட்கார்ந்ததும் டம்ளரில் தண்ணீர் வைக்கும் நம்மூர் ஓட்டல்காரர்களுக்குக் கோயில் கட்டலாம்.

சைவக்காரர் இங்கே மெனுவை வழக்கறிஞர் பத்திரம் படிப்பதுபோலப் படிக்க வேண்டும். ஷ்வாபியரின் தேசிய உணவு பருப்புதான் என்று கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்ச நேரம்தான் நிலைத்தது. பழுப்பு மசூர்ப் பருப்பை வினிகர் விட்டுக் கெட்டியாக வேகவைத்து, ஷ்பெட்ஸ்லே என்கிற முட்டைமாவுத் துண்டுகளின்மேல் ஊற்றுவார்கள். மேலே இரண்டு சாசேஜ். சாசேஜை வேண்டாம் என்று சொல்லலாம், பருப்போடு சேர்ந்து வெந்துவிட்ட பன்றிக்கொழுப்பை என்ன செய்வது? அடுத்தது மவுல்டாஷன். சோமாசிபோல மாவுக்குள் பூரணம் வைத்துக் குழம்பில் மிதக்கும். பூரணத்தில் கீரை தெரியும், இறைச்சி தெரியாது. நோன்புக் காலத்தில் கடவுள் கண்ணுக்குத் தெரியாமல் இறைச்சி தின்ன மவுல்ப்ரோன் மடத்துத் துறவிகள் கண்டுபிடித்தது என்று கதை. கடவுளே ஏமாந்தார் என்றால் நான் எம்மாத்திரம்! 2009-ல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்குப் புவிசார் பாதுகாப்பும் கொடுத்துவிட்டது. வெங்காய அடையிலும் பன்றிக்கொழுப்பு இருக்கும். கடைசியில் எனக்கு மிஞ்சியது கேஸே-ஷ்பெட்ஸ்லே. முட்டை போனால் போகட்டும் என்று விட்டுவிட்ட சைவக்காரர்களுக்கு அது அமுதம். சூடான ஷ்பெட்ஸ்லேயில் பாலாடைக்கட்டியைத் துருவிப் போட்டு, கரண்டியில் எடுத்தால் நூல் நூலாக இழுக்கும். மேலே பொன்னிறத்தையும் தாண்டிக் கருகும் பதத்தில் வறுத்த வெங்காயம். பிரியாணி வெங்காயத்தின் அதே வாசனை. ஊறுகாய் கேட்க நாக்கு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

எங்கள் கூட்டத்தில் ஜெர்மானியத் தம்பதியர் இரண்டு ஜோடி, மதுரைக்காரத் தம்பதி ஒன்று, யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று. எண்பதுகளின் கடைசியில் இங்கு வந்துசேர்ந்த அந்த அண்ணனுக்குத்தான் இந்தச் சின்னக் கொண்டாட்டம் மனசுக்கு ஒப்பவில்லை. "நாப்பது வயசுக்கு ஒரு மண்டபம் எடுக்காமல் விட்டிட்டியளே" என்று ஆதங்கப்பட்டார். இலங்கைத் தமிழர் வீடுகளில் பிள்ளையின் முதல் பிறந்தநாளும் பெரியவர்களின் ஐம்பதாவதும் மண்டபம், மேடை அலங்காரம், வீடியோக்காரர் என்று கல்யாணக் களையோடுதான் நடக்கும். இருபத்தைந்து பேருக்குக் கீழே கூட்டினால் அது கொண்டாட்டமே இல்லை என்பது அவர் கட்சி. "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, மற்றக் கிழமை வீட்டை வாறம், ரோல்ஸும் பற்றிஸும் நாங்கள் கொண்டு வாறம்" என்றார் அக்கா. நட்சத்திரப் பிறந்தநாளுக்கு அர்ச்சனை செய்யச் சொல்லி ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்குத் தங்கள் உறவினர் மூலம் பணம் கொடுத்தனுப்பியதும் அவர்கள்தான். தொழிற்பேட்டை ஒன்றின் நடுவே கோபுரம் எழுப்பி 2002-ல் குடமுழுக்குச் செய்த அந்தக் கோயில் ஸ்டுட்கார்ட்டிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கும் மேல். மாமியாருக்கு அன்று மனசு ஆறியது அந்தச் செய்தியில்தான்.

சாப்பிட்டு முடிக்கும்போது மேசையின் ஓரத்திலிருந்த பெரியவர்களில் ஒருவர், "என்ன விசேஷம்?" என்று விசாரித்தார். நாற்பது என்று சொன்னதுதான் தாமதம், "புத்தி வந்துவிட்டது!" என்று குவளையால் மேசையைத் தட்டினார். கொட்டகை முழுக்கத் திரும்பிப் பார்த்துப் பாடியது. பாட்டு ஜெர்மன், மெட்டு நமக்குத் தெரிந்த அதே ஹேப்பி பர்த்டே. வரிகளை எழுதியதாகச் சொல்லப்படும் அமெரிக்க ஆசிரியை பாட்டி ஹில் 1946-ல் இறந்ததால், எழுபது ஆண்டுக் கணக்கில் 2016 முடியும்வரை ஐரோப்பாவில் அதற்குக் காப்புரிமை இருந்தது. உலகத்தில் எந்தக் குழந்தைக்கும் தெரியாத விஷயம் இதுவாகத்தான் இருக்கும். குவளைகளை மோதும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்க வேண்டும். என் கணவர் குவளையைப் பார்த்தார். பெரியவர் விடவில்லை, மறுபடி மோதவைத்தார்.

கேக்கை அங்கே கொண்டுபோகவில்லை. வெளிக் கேக்கை அனுமதிக்கும் உணவகங்களும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கும். சில இடங்களில் தட்டுக்குக் காசு. தவிர, ஜெர்மனியில் கேக்குக்கு நேரம் பிற்பகல் மூன்று, நான்கு மணி. அன்று வீட்டில் வெட்டியது பிளாக் ஃபாரஸ்ட். திருநெல்வேலி பேக்கரியிலிருந்து திருத்தணி பேக்கரிவரை நாம் வெட்டும் அதே கேக்கின் பெயர்க்காரக் காடு, ஸ்டுட்கார்ட்டுக்கு மேற்கே அதிக தூரமில்லை. ஆனால் இங்கே அதில் கிர்ஷ்வாசர் என்கிற செர்ரிச் சாராயம் சேரும். ஒப்புக்கு இல்லை, நாக்குக்குத் தெரியும் அளவு இருந்தால்தான் அந்தப் பெயரில் விற்கலாம் என்று உணவு வரையறையே சொல்கிறது. எங்களுக்குச் சாராயமில்லாமல் செய்து கொடுத்த பேக்கரிக்காரப் பெண், அட்டைப் பெட்டியின் மேல் வேறு பெயர் எழுதிக் கொடுத்தார். 'செர்ரி கிரீம் கேக்'. நேர்மை என்றால் அது.

இங்கே பிறந்தநாளுக்கு வெளியே சாப்பிட நினைக்கும் புதியவர்களுக்கு மூன்று வார்த்தை. பேசன் எந்தெந்த வாரம் திறக்கும் என்பதை முன்பே விசாரித்து மேசை சொல்லிவையுங்கள். குளிர்காலம்தான் அதற்குக் காலம். ரொக்கம் எடுத்துப் போங்கள், பல இடங்களில் கார்டு செல்லாது. டிப்ஸை மேசையில் விட்டுவிட்டு வராதீர்கள்; பில் 187 யூரோ என்றால் நோட்டை நீட்டும்போதே "200" என்று சொல்லிவிடுங்கள், மீதிச் சில்லறை அதற்குத் தக்கபடி வரும். நாங்களும் அப்படித்தான் கொடுத்தோம். சேர்த்துத்தான்!

(அடுத்த வாரம்: ஞாயிற்றுக்கிழமை பால் தீர்ந்தால்)