வரவேற்பில் வளர்ந்த பிள்ளைகள்

வணிகப் பெருமக்களே! நம் வீட்டுத் திருமண வரவேற்பில் சிறுகுழந்தைகளுக்குப் பலூன் போதும். 12 முதல் 15 வயதுப் பிள்ளைகளோ மூலையில் கைப்பேசியோடு முடங்கிவிடுகிறார்கள். இவர்களுக்குப் பொறுப்பு கொடுப்போம்.

மொய் எழுதும் பெரியவர் பக்கத்தில் ஒருவர் அமர்ந்து, பக்கம் முடிந்ததும் தொகையைக் கூட்டட்டும். இருவர் தேங்காய், வெற்றிலை, பாக்கு சரிபார்த்துத் தாம்பூலப் பை கொடுக்கட்டும். அரைமணிக்கொருமுறை ஆளை மாற்றுவோம். சாப்பாட்டை முதலிலேயே போட்டுவிடுவோம்.

ஓய்ந்த நேரத்துக்குப் பல்லாங்குழி: 14 குழி, குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டை. செலவே இல்லை.

பிள்ளைகள் கடைப்பக்கம் வருவதில்லையென்று குறைப்படுகிறோம். வந்தவரை முகம்பார்த்து வரவேற்பதும், எண்ணிக் கொடுப்பதும், கணக்கு நேராக்குவதும்தானே நம் தொழில்? அந்தப் பாடம் மொய் மேசையிலேயே தொடங்கட்டும்.