கன்னத்தில் பாயும் மின்னல்

கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்குக் கொமியூட்டர் இரயிலில் செல்லும் ஒருவர், குளிரூட்டியின் காற்று முகத்தில் பட்டதும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறார். சில நொடிகளில் வலி நின்றுவிடுகிறது. அருகிலிருப்பவர் பல்வலி என்று எண்ணுகிறார். வலிப்பவரும் அப்படியே எண்ணுகிறார். பிரிக்பீல்ட்ஸில் இறங்கி முதலில் அவர் தேடுவதும் பல் மருத்துவரைத்தான்.

இது முக்கிளை நரம்பு வலியாக இருக்கலாம். மூளையிலிருந்து புறப்படும் ஐந்தாவது நரம்பு முகத்தின் இருபுறமும் மும்மூன்று கிளைகளாகப் பிரிகிறது. ஒன்று நெற்றிக்கும் கண்ணுக்கும், மற்றொன்று கன்னத்துக்கும் மேல்தாடைக்கும், மூன்றாவது கீழ்த்தாடைக்கும் உணர்வைக் கொண்டுசெல்கிறது. நரம்பின் வேரை இரத்தக்குழாய் ஒன்று அழுத்தும்போது, காலப்போக்கில் நரம்பின் மேலுறை தேய்கிறது. அதன்பின் பல் துலக்குதல், முகம் கழுவுதல், ஒரு வாய் தே தாரே பருகுதல் போன்ற சிறு செயல்கள்கூட மின்னதிர்ச்சி போன்ற வலியைத் தூண்டிவிடும். ஐம்பது வயதைக் கடந்தவர்களையே, குறிப்பாகப் பெண்களையே, இது அதிகம் தாக்குகிறது.

வலி பல்லில் இருப்பதுபோல் தோன்றுவதால், குறையற்ற பற்களைப் பிடுங்கிக்கொண்டவர்களும் உண்டு. பல் போனபின்னும் வலி போகாது!

லண்டன் மருத்துவர் ஜான் ஃபோதர்கில் 1773ஆம் ஆண்டிலேயே இந்நோயைத் தெளிவாக விவரித்தார். இன்றும் நோயாளியின் சொற்களே முதன்மைச் சான்று. வலி எங்கே தொடங்குகிறது, எத்தனை நொடி நீடிக்கிறது, எது தூண்டுகிறது என மருத்துவர் கேட்பார். மணிக்கணக்கில் மந்தமாக நீடித்தால் தாடை மூட்டையோ சைனஸையோ ஐயுறுவார். ஆகவே, வலியை நாள்தோறும் குறித்துவைப்பது பெரிதும் உதவும். எம்.ஆர்.ஐ. படம் அழுத்தும் குழாயைக் காட்டலாம். கட்டி போன்ற வேறு காரணம் உண்டா என்பதையும் தெரிவிக்கும்.

சாதாரண வலிநிவாரணி மாத்திரைகள் இதற்குப் பெரும்பாலும் பயன்படுவதில்லை. வலிப்பு நோய்க்குத் தரப்படும் கார்பமாசெபின் என்ற மருந்து இவ்வலியைத் தணிப்பதை 1962இல் சுவீடன் மருத்துவர் புளோம் அறிவித்தார். இன்றும் அதுவே முதல் மருந்து. ஆனால், குறிப்பிட்ட ஒரு மரபணு உடையவர்களுக்கு இம்மருந்து தோலையும் வாயையும் புண்ணாக்கி உயிருக்கே ஆபத்தை உண்டாக்கக்கூடும். அம்மரபணு மலேசியாவின் மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூவினத்தாரிடமும் காணப்படுகிறது. அதனால், மருந்தைத் தொடங்குமுன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. அண்டை வீட்டாரின் மாத்திரையை வாங்கி விழுங்குவது இங்கு மிகவும் ஆபத்தானது.

மருந்து பயனளிக்காதபோது, நரம்புக்கும் குழாய்க்கும் இடையே சிறு பஞ்சுபோன்ற திண்டை வைக்கும் அறுவைச் சிகிச்சை உண்டு. காதின் பின்புறம் மண்டையோட்டில் சிறு துளையிட்டு அதைச் செய்வர்.