123 கெஜம் போதும்: அயர்ஷைர் கடற்கரையின் மறக்க முடியாத கோல்ஃப் ஹோல்கள்

டிவியில் கோல்ஃப் பார்க்கிறவர்கள் அடிக்கடி கேட்கிற ஒரு கேள்வியை இந்தப் பகுதிக்கு எடுத்துக்கொண்டேன். இப்போதைய ஆட்டக்காரர்கள் பந்தை 300 கெஜத்துக்கு மேல் சர்வசாதாரணமா அடிக்கிறாங்க. அதற்கு ஈடுகொடுக்க மைதானங்களும் நீண்டுகொண்டே போகின்றன. அப்படியானால் நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய மைதானங்களுக்கு இனி என்ன வேலை? அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டியதுதானா?

இது வெறும் ரசனை சம்பந்தப்பட்ட கேள்வி இல்லை. மைதானம் நீண்டால் நிலம் கூடுதலாக வேண்டும், தண்ணீர் வேண்டும், பராமரிக்கப் பணம் வேண்டும். 2023 டிசம்பரில் இந்த விளையாட்டின் விதிகளை வகுக்கும் இரண்டு அமைப்புகளும் சேர்ந்து, பந்து பறக்கும் தூரத்தைக் குறைக்க விதிமாற்றம் கொண்டுவரப் போவதாக அறிவித்தன. அந்த அளவுக்கு இது பெரிய விவகாரம்.

என்னுடைய பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஹோலைக் கடினமாக்குவது நீளம் மட்டுமே இல்லை. காற்றும் தரையும் பார்வையும் சேர்ந்தால் 123 கெஜம் போதும். அதற்குச் சாட்சியாக ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், கிளாஸ்கோவுக்குத் தென்மேற்கே இருக்கிற அயர்ஷைர் கடற்கரைக்குப் போகலாம். ப்ரெஸ்ட்விக், ராயல் ட்ரூன், டர்ன்பெரி என்று மூன்று மைதானங்கள். மூன்றிலும் 'தி ஓப்பன்' போட்டி நடந்திருக்கிறது.

லிங்க்ஸ் என்றால் என்ன?

முதலில் ரெண்டு வார்த்தைகளைத் தெளிவு பண்ணிக்கலாம். கோல்ஃபில் 'ஹோல்' என்றால் பந்து விழும் குழி மட்டும் இல்லை. முதல் ஷாட் அடிக்கிற டீயிலிருந்து, குழி இருக்கிற கிரீன் வரை உள்ள முழுப் பாதைக்கும் ஹோல் என்றுதான் பெயர். ஒரு மைதானத்தில் 18 ஹோல்கள். 'பார்' என்பது, திறமையான ஒருவர் அந்த ஹோலை இத்தனை ஷாட்டில் முடிக்க வேண்டும் என்ற கணக்கு.

அடுத்தது 'லிங்க்ஸ்'. கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவில் கிடக்கிற மணல்பாங்கான நிலத்துக்கு ஸ்காட்லாந்தில் வழங்கும் பெயர் அது. உப்புக் காற்று, மணல் மண், மேடும் பள்ளமும். உழவுக்கு உதவாது. ஆடு மேயும், முயல் வளை தோண்டும். உதவாத நிலம்னு விட்டு வைத்ததால்தான் அங்கே பந்தாட இடம் கிடைத்தது.

இந்த மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காமல் மணலில் இறங்கிவிடும். மேலே மெல்லிய புல். அதனால் தரை கெட்டியாக இருக்கும். பந்து விழுந்த இடத்தில் நிற்காது, ஓடும். எங்கே விழ வேண்டும் என்பதோடு, விழுந்த பிறகு எங்கே போகும் என்பதையும் கணக்குப் போட வேண்டும். இதை மனசில் வச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

ப்ரெஸ்ட்விக்: கண்ணுக்குத் தெரியாத கிரீன்

ஓப்பன் போட்டி பிறந்த இடம் ப்ரெஸ்ட்விக். 1860 அக்டோபரில் எட்டே எட்டு ஆட்டக்காரர்கள். அப்போது அங்கே 12 ஹோல்கள்தான். ஒரே நாளில் மூன்று சுற்று ஆடினார்கள். 174 ஷாட்டில் முடித்து வில்லி பார்க் ஜெயித்தார். இரண்டு ஷாட் பின்னால் வந்தவர், அந்த மைதானத்தையே 1851-ல் வகுத்துக் கொடுத்த டாம் மாரிஸ்.

அவரிடம் மண் தள்ளும் இயந்திரம் கிடையாது. மணல்மேடு குறுக்கே நின்றால் அதை அகற்ற வழியில்லை. அதற்கு மேலே அடித்துத் தாண்ட வேண்டியதுதான். அப்படி உருவானதுதான் 'ஆல்ப்ஸ்' என்ற ஹோல். முதல் ஓப்பனில் ஆடிய 12 ஹோல்களில் இதுவும் ஒன்று, இன்றைக்கு 17-வது. நீளம் சுமார் 390 கெஜம். இப்போதைய கணக்குக்கு நீளமே இல்லை. ஆனால் இரண்டாவது ஷாட்டுக்கு நிற்கும்போது எதிரே தெரிவது ஒரு மணல்மேடு, அவ்வளவுதான். கிரீனும் தெரியாது, கொடியும் தெரியாது. மேட்டைத் தாண்டினால் கிரீனுக்கு முன்னால் பெரிய பங்கர், அதாவது மணல்பள்ளம், காத்திருக்கும். அதற்குப் பெயர் 'சஹாரா'. மேட்டை நம்பி அடித்துவிட்டு, ஏறிப் போய்ப் பார்த்தால்தான் பந்தின் விதி தெரியும். ஆடி முடித்தவர்கள் அங்கே ஒரு மணியை அடிப்பார்கள். 'நாங்க நகர்ந்துட்டோம், நீங்க அடிக்கலாம்' என்று பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்லும் மணி.

அங்கேயே 5-வது ஹோல் 'ஹிமாலயாஸ்'. இது பார் 3, சுமார் 200 கெஜம். டீயிலிருந்தே கிரீன் தெரியாது. மேட்டின் மேல் பதித்திருக்கிற வண்ண வட்டங்கள்தான் குறி. ஆல்ப்ஸ், இமயம் என்று பெயர் வைத்தவர்களின் குறும்பை ரசிக்கலாம். உண்மையில் அது மணல்மேடுதான். ஆனால் மனசில் மலையாக நிற்கும்.

3-வது ஹோலில் 'கார்டினல்' என்ற பங்கர். அதன் சுவருக்கு ரயில் பாதையில் போடுகிற சிலீப்பர் கட்டைகளை அடுக்கி முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். கட்டையில் பட்டால் பந்து திரும்பி எங்கே பாயும் என்று சொல்ல முடியாது. 1908 ஓப்பனில் ஜேம்ஸ் பிரெய்ட் இந்த ஒரு ஹோலுக்கு 8 ஷாட் எடுத்தார். அப்படியும் அந்தப் போட்டியை 8 ஷாட் வித்தியாசத்தில் அவரே ஜெயித்தார்! அந்தக் கட்டைச் சுவரைப் பார்த்துவிட்டுப் போன அமெரிக்க மைதான வடிவமைப்பாளர் பீட் டை, 1960-களுக்குப் பிறகு தன் மைதானங்களில் அதையே முத்திரையாக்கிக்கொண்டார். அதற்கும் முன்பே சி.பி. மெக்டானல்ட், நியூயார்க் லாங் ஐலண்டில் தான் அமைத்த நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸில், ஆல்ப்ஸ் ஹோலை மாதிரியாக வைத்து ஒன்று கட்டினார். அதற்கும் ஆல்ப்ஸ் என்றுதான் பெயர்.

ப்ரெஸ்ட்விக்கில் மொத்தம் 24 முறை ஓப்பன் நடந்திருக்கிறது. கடைசி 1925-ல். அதற்குப் பிறகு நடக்காததற்கு முக்கியக் காரணம் கூட்டம். அந்தக் குறுகலான இடத்தில் பார்வையாளர்களைக் கட்டுப்படுத்த முடியவில்லை. மைதானம் சுலபமாகிவிட்டது என்பதால் அதைக் கைவிடவில்லை. இந்த வித்தியாசம் முக்கியம்.

ட்ரூன்: ஒரு தபால்தலை

ப்ரெஸ்ட்விக்குக்குப் பக்கத்து ஊர்தான் ட்ரூன். ராயல் ட்ரூனின் 8-வது ஹோலுக்கு 'போஸ்டேஜ் ஸ்டாம்ப்', தபால்தலை என்று பெயர். முதலில் அதன் பெயர் 'எய்ல்சா'. டீயிலிருந்து பார்த்தால் கடலில் தெரியும் எய்ல்சா கிரெய்க் என்ற பாறைத் தீவின் பெயர். அந்தக் கிரீன் எவ்வளவு சின்னது என்பதற்குத் தபால்தலையை உவமை சொன்னவர் வில்லி பார்க் ஜூனியர், முதல் ஓப்பனை ஜெயித்தவரின் மகன். உவமையே பெயராக நிலைத்துவிட்டது.

நீளம் 123 கெஜம். ஓப்பன் நடக்கும் மைதானங்களிலேயே மிகச் சின்ன ஹோல் இதுதான். உயரத்தில் டீ, நடுவில் பள்ளம், எதிரே மணல்மேட்டின் விலாவில் ஒட்டவைத்த மாதிரி ஒரு குறுகிய கிரீன். சுற்றிலும் ஐந்து பங்கர்கள். இடப்பக்கம் இருக்கிற ஒன்றுக்கு 'சவப்பெட்டி' என்றே பெயர்.

123 கெஜம் என்றால் தொழில்முறை ஆட்டக்காரருக்கு வெட்ஜ் என்ற குட்டை மட்டை போதும், கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம் என்று தோணும். அங்கேதான் காற்றின் வேலை. வெட்ஜால் அடித்தால் பந்து மிக உயரமாகப் போகும், பின்பக்கமாக வேகமாகச் சுழலும். தரையை ஒட்டியிருப்பதைவிட மேலே காற்று பலமாக வீசும். எதிர்க்காற்றில் அந்தச் சுழற்சி பந்தை இன்னும் மேலே தூக்கும். அது அந்தரத்தில் நின்று, பலூன் மாதிரி ஏறி, பொத்தென்று முன்னாலேயே விழும். பக்கவாட்டுக் காற்றானால் கிரீனைத் தாண்டிக் கொண்டுபோய்ப் பங்கரில் போடும். ஆக, சின்ன ஹோல்தான் காற்றுக்கு நல்ல இரை. தப்பிக்க ஒரே வழி, பெரிய மட்டையை எடுத்து, பாதி வீச்சில், தாழ்வாக அடிப்பது. அதற்குத் துணிச்சலைவிட நிதானம் வேண்டும்.

இந்த ஹோலின் கணக்கேட்டைப் பாருங்க. 1950 ஓப்பனில் ஹெர்மன் டிஸ்ஸீஸ் என்ற ஜெர்மன் ஆட்டக்காரர் இங்கே 15 ஷாட் எடுத்தார். பங்கருக்குப் பங்கர் அலைந்து, கிரீனுக்கு வந்த பிறகு ஒரே ஒரு புட்டில் முடித்தார். 1997 ஓப்பனின் கடைசி நாள், உச்சத்தில் இருந்த டைகர் வுட்ஸ் எடுத்தது 6. பார் 3 ஹோலில்!

மறுபக்கம் 1973. ஜீன் சாரஸன், வயது 71. ஐந்தாம் எண் இரும்பு மட்டையை எடுத்தார். இந்தத் தூரத்துக்கு அது பெரிய மட்டை. தாழ்வாக அடித்தார், பந்து நேராகப் போய்க் குழியில் விழுந்தது. மறுநாள் அதே ஹோலில் பந்து பங்கருக்குப் போனது. அங்கிருந்து அடித்த ஷாட்டும் குழியில் இறங்கியது. இரண்டு நாளில் மொத்தம் 3 ஷாட், புட்டர் மட்டையைக் கையில் எடுக்கவே இல்லை. அதிர்ஷ்டம் இல்லாமல் இப்படி நடக்காது, சரி. ஆனால் 71 வயசுக்காரருக்கு அந்த அதிர்ஷ்டம் எட்டக்கூடிய தூரத்தில் இருந்தது பாருங்க, அதுதான் விஷயம்.

இதே ட்ரூனில் 6-வது ஹோலை 2024 ஓப்பனுக்காக 623 கெஜத்துக்கு நீட்டினார்கள். ஓப்பன் வரலாற்றிலேயே நீளமானது அது. மிக நீளமானதும் மிகச் சின்னதும் ஒரே மைதானத்தில், ஒரு ஹோல் இடைவெளியில். முதல் ஹோலை நீட்டவேண்டி வந்தது. இரண்டாவதை யாரும் நீட்டச் சொல்லவில்லை.

டர்ன்பெரி: ஒரே ஹோல், 32 வருஷம்

இன்னும் தெற்கே போனால் டர்ன்பெரி. படங்களில் அதிகம் வருவது இங்கே 9-வது ஹோல். கடலோரப் பாறைகள், 1873-ல் விளக்கேற்றிய கலங்கரை விளக்கம், பக்கத்தில் மன்னர் ராபர்ட் புரூஸோடு தொடர்புடைய கோட்டையின் சிதைவுகள். பார் 4 ஆக இருந்த இதை 2016-ல் மாற்றியமைத்து, கடல் வளைவைத் தாண்டி அடிக்கும் பார் 3 ஆக்கினார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லாமே இயற்கை தந்தது என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டாம் உலகப்போரில் டர்ன்பெரியை விமானத்தளமாக்கி, ஓடுபாதைக்காக நிலத்தைச் சமப்படுத்தி கான்கிரீட் போட்டார்கள். போருக்குப் பிறகு மெக்கன்ஸி ராஸ் மேடுபள்ளங்களைத் திரும்ப உருவாக்கினார், 1951-ல் மைதானம் மறுபடி திறந்தது. மனிதர் கட்டினாலும் காற்றையும் கெட்டித் தரையையும் மதித்துக் கட்டினால் லிங்க்ஸ் லிங்க்ஸாகவே இருக்கும்.

ஆனால் நான் பேச நினைப்பது 18-வது ஹோல். 1977 ஓப்பனின் கடைசி நாள். டாம் வாட்சனும் ஜாக் நிக்லாஸும் மற்ற எல்லாரையும் வெகுதூரம் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். மூன்றாவது இடத்துக்காரர் நிக்லாஸுக்கே 10 ஷாட் பின்னால். கடைசி ஹோலில் வாட்சன் ஒரு ஷாட் முன்னிலை. ஏழாம் எண் இரும்பால் அடித்த பந்து குழிக்குச் சுமார் 2 அடியில் நின்றது. புதரோரம் சிக்கியிருந்த நிக்லாஸ் எப்படியோ கிரீனுக்குக் கொண்டுவந்து, அந்த நீண்ட புட்டையும் உள்ளே போட்டார். வாட்சன் தன் புட்டை முடித்தார். 268க்கு 269.

2009. அதே ஹோல், அதே வாட்சன், வயது 59. பார் எடுத்தால் ஓப்பன் அவருடையது. எட்டாம் எண் இரும்பால் நேராகத்தான் அடித்தார். பந்து கிரீனில் விழுந்தது, நிற்கவில்லை, பின்பக்கமாக ஓடி வெளியே போனது. ஒரு ஷாட் போச்சு. பிளே-ஆஃபில் ஸ்டூவர்ட் சிங்க் ஜெயித்தார்.

லிங்க்ஸ் தரை எப்படி என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அது இதுதான். சில பேர் இதை அநியாயம் என்பார்கள். எனக்கு அப்படித் தோணவில்லை. 59 வயதுக்காரரை நாலு நாளும் பட்டியலின் உச்சியோடு ஒட்டி வைத்திருந்ததும் அந்தத் தரைதான். தூரத்தை மட்டும் சோதிக்கிற மைதானமாக இருந்தால், இரண்டாம் நாளே அவர் வீட்டுக்குப் போயிருப்பார்.

அடுத்த முறை பார்க்கும்போது

ஆக, பழைய மைதானங்களுக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு: பந்து இன்னும் தூரமாகப் பறக்கலாம். ஆனால் மணல்மேட்டுக்குப் பின்னால் இருப்பது தெரியாது, காற்றின் திசை நம் கையில் இல்லை, தரை எந்தப் பக்கம் உருட்டும் என்பதை ஊகிக்கத்தான் வேண்டும். இந்த மூன்றும் இருக்கிற வரை அவை ஆட்டக்காரரின் தலையைச் சோதிக்கும். நீளத்தைக் கூட்டித்தான் சவால் தர முடியும் என்பதற்கு 123 கெஜம் நல்ல மறுப்பு.

அடுத்த ஓப்பனை டிவியில் பார்த்தால், பந்து எவ்வளவு தூரம் போச்சு என்பதை விட்டுவிடுங்க. கொடி எந்தப் பக்கம் படபடக்குது, ஆட்டக்காரர் எந்த மட்டையை எடுத்து, யோசித்துத் திரும்பப் பையில் வைக்கிறார், பந்து விழுந்த பிறகு எத்தனை அடி ஓடுது, இந்த மூன்றையும் கவனிங்க. ஆட்டமே வேறாகத் தெரியும்.

கேள்விகள் இருந்தால் எழுதி அனுப்புங்க. அடுத்த பகுதியில் சந்திப்போம்.