பிளஸ் ஒன்னைத் தாண்டிக் குதித்தால் ஜேஇஇ இல்லை

தமிழ்நாட்டில் பொறியியல் படிக்க நுழைவுத் தேர்வு தேவையில்லை. 2006-ல் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டத்தால் அது போயிற்று. 2007-08 சேர்க்கையிலிருந்து பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப் போடுவார்கள். கிண்டி பொறியியல் கல்லூரியில் இடம் வாங்குகிறவரும், ஆரணியை அடுத்த தச்சூரில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியில் சேர்கிறவரும் ஒரே கலந்தாய்வில் வருகிறவர்கள்தான். செய்யாறு, ஆரணி வட்டாரத்தில் பெரும்பாலான வீடுகளுக்கு இந்த ஒரு வழியே போதும்.

அகில இந்தியப் பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ அதற்கு மேல் இன்னொரு வாசல். முதல் படி ஜேஇஇ மெயின். 2019 முதல் தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. ஜனவரியில் ஒரு முறை, ஏப்ரலில் ஒரு முறை நடக்கும். இரண்டில் எது நன்றாக வந்ததோ அதைக் கணக்கில் கொள்வார்கள். என்ஐடி, ஐஐஐடி சேர்க்கை இதை வைத்துத்தான். இதில் முன்வரிசையில் வரும் இரண்டரை லட்சம் பேர் அடுத்த படியான அட்வான்ஸ்டு எழுதலாம், அது ஐஐடிகளுக்கானது. 2025-ல் மெயின் எழுதியவர்கள் 14 லட்சத்துக்கும் மேல். 23 ஐஐடிகளிலும் சேர்த்து இருந்த இடங்கள் சுமார் 18,000.

இந்த எண்களைப் பார்த்து மிரண்டுபோகிறவர்கள் திருச்சியை மறந்துவிடுகிறார்கள். 1964-ல் வட்டாரப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி இன்று என்ஐடியாக இருக்கும் அந்த நிறுவனத்தில் பாதி இடங்கள் தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கே. அந்தப் பாதிக்கு நம் மாநிலத்துப் பிள்ளைகள் தங்களுக்குள் மட்டும் போட்டியிட்டால் போதும். மெயின் தேர்வை 2021 முதல் தமிழிலும் எழுதலாம். அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தமிழ்வழியில் படிக்கும் செய்யாற்றுப் பிள்ளை முதல் இலக்கைத் திருச்சியில் வைத்துக்கொண்டு, ஐஐடியை அதற்கு மேலே கிடைத்தால் கிடைக்கட்டும் என்று வைப்பதே நடைமுறைக்கு ஒத்தது என்பேன்.

சரி, எப்போது தொடங்குவது? 'ஆறாம் வகுப்பிலிருந்தே ஃபவுண்டேஷன்' என்று விளம்பரங்கள் சொல்கின்றன. பத்தாம் வகுப்பு வரை இயற்கணிதமும் முக்கோணவியலும் பிசிறில்லாமல் வந்தால் போதும். அதற்கு ஆறாம் வகுப்பில் பணம் கட்ட வேண்டியதில்லை. உண்மையான தொடக்கம் பிளஸ் ஒன் ஜூன் மாதம். நம் ஊரில் பலருடைய திட்டம் கவிழ்வதும் அந்த ஆண்டில்தான்.

காரணம் பழையது. கட்-ஆஃபுக்குப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும்தான் என்பதால், பிளஸ் ஒன் பாடத்தைப் பேருக்கு நடத்திவிட்டு அந்த ஆண்டிலேயே பிளஸ் டூ போர்ஷனைத் தொடங்கிவிடுவது பல தனியார் பள்ளிகளின் நெடுநாள் வழக்கம். இதைத் தடுக்கத்தான் 2017-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வை அரசு அறிவித்தது. 2018 மார்ச்சில் முதல் தேர்வு நடந்தது. இரண்டு ஆண்டு மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்ப்பதாக முதலில் சொன்னார்கள். அதே 2018-லேயே, உயர்கல்விக்குப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்றாகிவிட்டது. இப்போது 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத் தேர்வும் இல்லை. பிள்ளைகளின் மீதிருந்த சுமை குறைந்தது நல்லதுதான். ஆனால் தாண்டிக் குதிக்கும் பழைய ஆசைக்கு மறுபடியும் கதவு திறந்திருக்கிறது. மாநிலக் கலந்தாய்வுக்கு மட்டும் போகிற பிள்ளைக்கு இதனால் மதிப்பெண்ணில் நட்டமில்லை. ஜேஇஇ எழுதுகிற பிள்ளைக்கோ பாதித் தேர்வு கைவிட்டுப் போகிறது.

எந்தப் பாதி என்று பார்ப்போம். இயற்பியலில் இயக்கவியல், ஈர்ப்பியல், வெப்ப இயக்கவியல், அலைவுகள், அலைகள் எல்லாமே பிளஸ் ஒன். வேதியியலில் மோல் கருத்து, சமநிலை, கரிம வேதியியலின் அடிப்படை, இவையும் அப்படியே. கணிதத்தில் ஒரு படி மேல். மத்திய வாரியம் பெரும்பாலும் பிளஸ் டூவில் வைத்திருக்கும் அணிகள், வெக்டர், வகையிடல், தொகையிடல் ஆகியவற்றை நம் மாநிலப் பாடநூல் பிளஸ் ஒன்னிலேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே மாநிலப் பாடத்தில் படிக்கிறவர் பிளஸ் ஒன் கணக்கைக் கோட்டைவிட்டால், வடக்கே மத்திய வாரியத்தில் அதே தவற்றைச் செய்கிறவரைவிட அதிகம் இழக்கிறார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மத்திய வாரியத்தில் பிளஸ் ஒன்னிலேயே வரும் கலப்பெண்கள், பரவளையம், நீள்வட்டம், அதிபரவளையம் ஆகியவை நமக்குப் பிளஸ் டூவில்தான் வருகின்றன. பள்ளி நடத்தும் வரிசையிலேயே போனால் ஜனவரித் தேர்வுக்குமுன் இவற்றில் பயிற்சி எடுக்க நாள் இருக்காது. பிளஸ் ஒன் முடிந்த ஏப்ரல், மே இரண்டு மாதத்தையும் இவற்றுக்கென்றே ஒதுக்கிவிடுவது நல்லது. பகுதி வகைக்கெழு, தனிநிலைக் கணிதம் போன்றவை பொதுத் தேர்வுக்கு மட்டும், ஜேஇஇயில் இல்லை. கணிதத் தொகுத்தறிதல், கணிதத் தர்க்கம், புறப்பரப்பு வேதியியல், உலோகவியல், பலபடிகள் எனச் சில பகுதிகளைத் தேர்வு முகமையே 2024-ல் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. அண்ணன் விட்டுப்போன பழைய கைடை அப்படியே பின்பற்றுகிற வீடுகளில் இல்லாத பாடத்துக்கு வாரங்கள் வீணாகின்றன. முகமையின் இணையதளத்தில் இருக்கும் பாடத்திட்டத்தை அச்செடுத்து, மாநிலப் பாடநூலின் பொருளடக்கத்தோடு ஒப்பிட்டு டிக் போடுவதுதான் முதல் வாரத்து வேலை.

இனி நாட்காட்டி. பிளஸ் ஒன் ஜூனில் தொடங்கினால், பிளஸ் டூ ஜனவரிக் கடைசியில் வரும் முதல் தேர்வுக்கு முழுசாக இருபது மாதம்கூட இல்லை. பொதுத் தேர்வு மார்ச்சில், இரண்டாவது ஜேஇஇ ஏப்ரல் தொடக்கத்தில். அந்த இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் சில நாளில் புதிதாக எதுவும் படிக்க முடியாது. ஆக, புதுப் பாடம் எல்லாம் பிளஸ் டூ அக்டோபருக்குள் முடிந்தாக வேண்டும். நவம்பர் முதல் பழைய வினாத்தாள்கள் மட்டும். பிப்ரவரியில் ஜேஇஇயை முழுக்க மூட்டை கட்டிவிட்டுப் பொதுத் தேர்வுக்குத் திரும்ப வேண்டும். ஏனென்றால் என்ஐடிக்கும் ஐஐடிக்கும் பிளஸ் டூவில் 75 சதவீதமோ, வாரிய அளவில் முதல் 20 விழுக்காட்டுக்குள் இடமோ தேவை. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 65 சதவீதம். மாநிலக் கட்-ஆஃப் என்ற பாதுகாப்பும் அந்த மார்ச் மாதத்தில்தான் இருக்கிறது.

படிக்கும் முறையைப் பற்றி ஆளுக்கொரு சூத்திரம் சொல்வார்கள். ஆய்வில் நின்றவை சிலவே. படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மானியரான எப்பிங்ஹவுஸ் தன்னையே சோதித்து 1885-ல் எழுதினார். 2006-ல் ரோடிகரும் கார்ப்பிக்கும் அமெரிக்க மாணவர்களிடம் கண்டது நமக்கு இன்னும் நெருக்கமானது: ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. வாசித்துக்கொண்டே இருப்பது படித்த மாதிரி ஒரு திருப்தி தரும். தேர்வறையில் அது உதவாது. முடித்த பாடத்திலிருந்து வாரம் ஒரு முறை பத்துக் கணக்கு, புத்தகத்தைத் திறக்காமல். தவறியவற்றுக்குத் தனி நோட்டு. இந்த இரண்டையும் இருபது மாதம் விடாமல் செய்கிறவர்கள் குறைவு.

பொதுத் தேர்வுப் பழக்கம் ஒன்றை மட்டும் இங்கே விட்டொழிக்க வேண்டும். அங்கே தெரிந்த வரை எழுதிவைத்தால் ஏதாவது விழும். இங்கே சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு மைனஸ் 1. மொத்தம் 75 கேள்வி, பாடத்துக்கு 25. மூன்று மணி நேரத்தில் ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூட வராது. 45 கேள்வியைத் தொட்டு 40 சரி, 5 தவறு என்றால் 155. எழுபதைத் தொட்டு 42 சரி, 28 தவறு என்றால் 140. அதிகம் தெரிந்தவர் பின்னால் போகிற கணக்கு இது. 2022 முதல் எண்ணை விடையாகத் தரும் கேள்விகளுக்கும் மைனஸ் உண்டு. எதை விடுவது என்பதும் பயிற்சியில்தான் வரும். தேர்வு கணினியில் என்பதால், வீட்டில் கணினி இல்லாதவர்கள் பள்ளியின் ஹைடெக் லேபில் உட்கார்ந்து முகமையின் இலவச மாதிரித் தேர்வைச் சில முறையாவது எழுத வேண்டும். திரையைப் பார்த்துத் தாளில் கணக்குப் போடுவது பழகாத கைக்குத் தடுமாற்றம் தரும். தமிழைத் தேர்ந்தெடுத்தால் ஆங்கிலமும் சேர்ந்தே திரையில் வரும். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி. உந்தம், முடுக்கம், திசைவேகம் எல்லாவற்றுக்கும் ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் எழுதிப் பழகுவது பின்னால் கல்லூரியிலும் கைகொடுக்கும்.

இதெல்லாம் தனி அறையும் மேசையும் இருக்கிற வீட்டுக்குச் சரி. ஆரணிப் பக்கத்து நெசவாளர் வீட்டில் முன்கூடத்தில் குழித்தறி இருக்கும். விளக்கு வைக்கும் வரை அதன் ஓசை ஓயாது. தார் சுற்ற, பாவு பிணைக்கப் பிள்ளைகளின் கையும் வேண்டும். தை முகூர்த்தத்துக்கான சேலைகளை முடித்துக் கொடுக்க வேண்டிய நெருக்கடி மார்கழியில் வரும். ஜேஇஇக்கு அதுதான் கடைசி மாதம். ஐப்பசி மழையில் குழியில் தண்ணீர் ஊறினால் வேலை நின்று கூலியும் நிற்கும். கோச்சிங் தவணை கட்டுவதாக இருந்தால் தடுமாறும் மாதம் அது. செய்யாறு சிப்காட் காலணித் தொழிற்சாலைக்கு அம்மா ஷிப்ட் போகிற வீட்டில் சமையல், தம்பி தங்கை என்று மாலை நேரம் போய்விடும். இப்படிப்பட்ட வீடுகளில் அட்டவணையைப் பிள்ளை மட்டும் போட்டால் நிற்காது. எந்த இரண்டு மணி நேரம் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பதை அப்பா அம்மாவோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் அது விடியற்காலையாகத்தான் அமையும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் என்று கோட்டா நகரத்துக் கோச்சிங் கதைகளைக் கேட்டு மலைக்க வேண்டாம். பள்ளி நேரம் போக நாளுக்கு இரண்டு மணி நேரம், ஞாயிறு ஐந்து மணி நேரம் என்றாலே இருபது மாதத்தில் ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டுகிறது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் வீட்டில் எடுக்கப்படும் மிகப் பெரிய தவறான முடிவு ஒன்று பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் நடக்கிறது. நல்ல மார்க் வந்துவிட்டதே என்று, கடன் வாங்கிப் பிள்ளையைக் கோச்சிங்கோடு கூடிய தனியார் விடுதிப் பள்ளிக்கு மாற்றிவிடுகிறார்கள். 2021-ல் வந்த சட்டப்படி, பொறியியலில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்கிறவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. பிளஸ் ஒன்னில் வெளியேறினால் அந்த உரிமை போகும். அரசுப் பள்ளியிலேயே படித்து ஐஐடி போன்ற நிறுவனங்களில் சேர்கிறவர்களின் படிப்புச் செலவை ஏற்பதாக 2022 பட்ஜெட்டில் அரசு அறிவித்ததும் இதே தகுதியை ஒட்டியதே. அரசு உதவி பெறும் பள்ளி இந்தக் கணக்கில் சேராது. பெயரில் குழம்புகிறவர்கள் நிறைய. பயிற்சிதான் தேவை என்றால் மாவட்டத்துக்கு ஒன்றாக விடுதியோடு நடக்கும் அரசு மாதிரிப் பள்ளி இருக்கிறது. அங்கே சேர்ந்தால் 7.5 கைவிட்டுப் போகாது. கான்பூர் ஐஐடியும் மத்தியக் கல்வி அமைச்சகமும் நடத்தும் 'சாத்தி' தளத்தில் பாடங்களும் மாதிரித் தேர்வுகளும் இலவசம்.

கட்டணத்தைக் கேட்டே ஐஐடியை ஒதுக்குகிறவர்களும் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குக் கீழ் என்றால் ஐஐடியில் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. ஒன்று முதல் ஐந்து லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு வருமானம் எதுவானாலும் முழுத் தள்ளுபடி.

கடைசியில் இடத்தைப் பறிப்பது பல நேரம் ஒரு காகிதம். நம் மாநிலத்து பிசி, எம்பிசி சான்றிதழ் மத்தியக் கலந்தாய்வில் செல்லாது. அங்கே ஓபிசி கிரீமிலேயர் அல்லாதவர் சான்றிதழ் மத்திய அரசின் படிவத்தில், சேர்க்கை ஆண்டின் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் அது தாசில்தார் அலுவலகம் போய்த் திரும்ப நாளாகும். ஏப்ரல் ஜேஇஇ எழுதிவிட்டு வந்த வாரத்திலேயே போட்டுவிட வேண்டும். மாநிலக் கலந்தாய்வுக்கும் அதே கோடையில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். ஜேஇஇ ரேங்க் வரட்டும் என்று காத்திருந்தால் கையில் இருந்த 200-க்கான கட்-ஆஃபும் பயனில்லாமல் போகும்.