கணவர் கையெழுத்து தேவையில்லை

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குக் கணவரின் கையெழுத்து தேவையில்லை. மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் இதை வெளிப்படையாகவே சொல்கின்றன. செய்துகொள்ளும் பெண்ணின் ஒப்புதல் போதும். நடப்போ வேறு. இரண்டாம் பிரசவத்துக்கு வந்து படுத்திருப்பவளிடம் "இதோட முடிச்சுக்கலாமா?" என்று கேட்பதற்குள், வெளியே நிற்கும் கணவரிடமும் மாமியாரிடமும் பேசி முடித்திருப்பார்கள். படிவம் அவள் கைக்கு வரும்போது வலி எடுத்திருக்கும்.

வற்புறுத்தியோ, மயக்க மருந்தின் பிடியில் இருக்கும்போதோ ஒப்புதல் வாங்கக் கூடாது என்பதும் விதிதான். எனவே ஏழு, எட்டாம் மாதப் பரிசோதனைக்குப் போகும்போதே நர்ஸம்மாவிடம் கேட்க வேண்டியதைக் கேட்டு முடிவெடுத்துவிடுவது நல்லது. கையெழுத்துப் போட்ட பிறகும், ஆபரேஷன் தொடங்கும்வரை, வேண்டாமென்று சொல்லலாம். அதைக் காரணம் காட்டி வேறு சிகிச்சையை மறுக்க முடியாது. அரசு விதிப்படி வயது 22க்கும் 49க்கும் இடையில் இருக்க வேண்டும், திருமணமாகியிருக்க வேண்டும், ஒரு வயது தாண்டிய ஒரு குழந்தையாவது இருக்க வேண்டும். ஆண்பிள்ளை பிறந்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. அது வீட்டில் எழுதிய விதி.

செய்வது இதுதான்: கருமுட்டை வரும் இரண்டு குழாய்களையும் கட்டி வெட்டுகிறார்கள், அல்லது வளையம் போட்டு அடைக்கிறார்கள். பிரசவமான ஏழு நாட்களுக்குள் சிறு கீறல் வழியாகவோ, சிசேரியனோடு சேர்த்தோ செய்யலாம். இல்லாவிட்டால் ஆறு வாரம் கழித்து லேப்ராஸ்கோப்பி. கர்ப்பப்பையும் சினைப்பையும் அப்படியே இருக்கும், மாதவிலக்கும் வரும். உடம்பு ஊதிவிடும், ஆசை போய்விடும் என்ற பேச்சுக்கு இந்த ஆபரேஷன் பொறுப்பல்ல. முன்பு கருத்தடை மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அதை நிறுத்தியதால் உதிரப்போக்கு கூடலாம். பழி மட்டும் ஆபரேஷன்மேல் விழும். ரத்தக்கசிவு, கிருமித் தொற்று, அரிதாகக் குடலிலோ சிறுநீர்ப்பையிலோ காயம் என்று உண்மையான ஆபத்துகள் உண்டு. வீடு திரும்பிய பின் காய்ச்சல், வயிறு உப்பல், கடும் வலி வந்தால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இது நிரந்தரம் என்பதன் பொருள் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையில் தெரிந்தது. குழந்தைகளைக் கடலுக்குக் கொடுத்த தாய்மார்களில் பலர் ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். குழாயை மீண்டும் இணைக்கும் அறுவையை இலவசமாகச் செய்துதர அரசு முன்வந்தது. சிலருக்குக் குழந்தை பிறந்தது, சிலருக்கு இல்லை. எவ்வளவு குழாய் மிச்சமிருக்கிறது என்பதைப் பொறுத்த விஷயம் அது. யாரும் உறுதி தர முடியாது. அமெரிக்காவில் பல்லாண்டுகள் நடந்த பெரிய ஆய்வொன்றில், 30 வயதுக்குள் செய்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் பின்னாளில் வருந்தினார்கள். நம் ஊரில் பலர் 25ஐ ஒட்டிய வயதிலேயே செய்துகொள்கிறார்கள். கொஞ்சமாவது தயக்கம் இருந்தால், பத்து ஆண்டு பலன் தரும் காப்பர் டி இருக்கிறது, வேண்டாமென்றால் எடுத்துவிடலாம்.

கணவருக்கும் ஒரு வழி உண்டு. ஆண்களுக்கான தழும்பில்லா கு.க. சிகிச்சை கால் மணி நேர வேலை. பெண்ணுக்குச் செய்வதைவிட எளிது, ஆபத்தும் குறைவு. அதன்பின் மூன்று மாதம் வேறு தடுப்பு முறை வேண்டும், பிறகு விந்துப் பரிசோதனை. ஆனாலும் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்தவர்கள். கணவர் செய்துகொண்ட கணக்கு 0.3 சதவீதம். நெருக்கடி நிலைக் காலத்தில் ஆண்களைப் பிடித்துக் கட்டாயமாகச் செய்த கோபம் ஆட்சியையே கவிழ்க்க உதவியது. அதன்பின் அரசுகள் ஆண்கள் பக்கம் போக அஞ்சின, பாரம் முழுதும் பெண்கள்மேல் இறங்கியது. இப்படித்தான் நான் அதைப் படிக்கிறேன்.

அந்தப் பாரம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டம் சாட்சி. 2014 நவம்பர் 8 அன்று ஒரு முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன். அந்த மாவட்டத்தில் அந்த வாரம் நடந்த முகாம்களில் செய்துகொண்டவர்களில் 13 பேர் இறந்தார்கள். ஒரு குழு ஒரு நாளில் 30 பேருக்கு மேல் செய்யக் கூடாது என்ற விதி அப்போதும் இருந்தது. இத்தகைய முகாம்கள் குறித்து தேவிகா பிஸ்வாஸ் தொடுத்த வழக்கில் 2016 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம், முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தவும், ஆபத்துகளை உள்ளூர் மொழியில் விளக்கிய பின்பே ஒப்புதல் வாங்கவும் உத்தரவிட்டது. புரியாத படிவத்தில் கையெழுத்துப் போட மறுப்பது வம்பல்ல.

சரியாகச் செய்தாலும் தவறலாம். முதல் ஆண்டில் ஏறத்தாழ 200 பேரில் ஒருவர் கருத்தரிக்கிறார். மாதவிலக்கு தள்ளிப்போனால் இரண்டு வாரத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள். ஆபரேஷனுக்குப் பிறகும் கருத்தரித்தால், குழாயிலேயே கரு தங்கும் வாய்ப்பு அதிகம். அடிவயிற்றில் ஒரு பக்கம் வலி, தோள் வலி, தலைசுற்றல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரம் அது. தடுப்பு முறை தவறியதால் உண்டான கருவை 20 வாரம்வரை கலைக்கச் சட்டம் இடம் தருகிறது. பெற்றுக்கொள்வதும் அவள் முடிவே.

இழப்பீட்டைப் பொறுத்தவரை, கரு உண்டானது மட்டுமே மருத்துவரின் அலட்சியத்துக்குச் சான்றாகாது என்று உச்ச நீதிமன்றம் 2005இல் ஷிவ் ராம் வழக்கில் சொன்னது. அலட்சியம் நிரூபணமான சாந்த்ரா வழக்கில் 2000இல் இழப்பீடு வழங்கியதும் அதே நீதிமன்றம்தான். வழக்குக்குப் போகாமலே கிடைப்பது அரசின் இழப்பீட்டுத் திட்டம். அதற்கு அலட்சியத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. 2016இல் இரட்டிப்பான தொகைகளின்படி தோல்விக்கு 60,000 ரூபாய், சிக்கலுக்கு 50,000 வரை, ஆபரேஷனின்போதோ வீடு திரும்பிய ஏழு நாட்களுக்குள்ளோ இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். அரசு மருத்துவமனைக்கும் அரசு அங்கீகரித்த தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்தும். தெரியவந்த 90 நாட்களுக்குள் ஆபரேஷன் நடந்த மருத்துவமனையிலேயே விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் கருத்தடைச் சான்றிதழ் வேண்டும். ஆபரேஷன் முடிந்து ஒரு மாதத்திலோ முதல் மாதவிலக்குக்குப் பிறகோ தருவார்கள். பலர் வாங்கப் போவதே இல்லை. ஒப்புதல் படிவத்தின் நகலையும் சேர்த்துக் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.