பிரிட்டனில் நர்ஸ் வேலை: ஏஜென்ட் கேட்கும் லட்சங்களைக் கொடுக்கணுமா?

'யு.கே-ல நர்ஸ் வேலை, 5 லட்சம் ஆகும்' என்று வாட்ஸ்அப்பில் மெசேஜ் வந்திருக்கா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

பிரிட்டன் அரசின் ஆள்சேர்ப்பு நெறிமுறைப்படி, வேலை வாங்கித் தர நர்ஸிடம் ஏஜென்ட் கட்டணம் வாங்கக் கூடாது. இந்திய விதிப்படியும், பதிவு பெற்ற ஏஜென்ட் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி-யும்தான் வாங்கலாம்.

அப்போ நிஜமான தடை எது? மூன்று தேர்வுகள்.

* ஆங்கிலம்: ஐ.இ.எல்.டி.எஸ்-ல் ஒவ்வொரு பிரிவிலும் 7. எழுத்துக்கு மட்டும் 6.5 போதும். இதற்குப் பதிலாக ஓ.இ.டி-யும் எழுதலாம்.
* சி.பி.டி: கணினித் தேர்வு. இந்தியாவிலேயே எழுதலாம்.
* ஆஸ்கி: செய்முறைத் தேர்வு. பிரிட்டனில்தான் நடக்கும். இதில் பாஸானால்தான் அங்கே நர்ஸாகப் பதிவு செய்ய முடியும்.

பல மருத்துவமனைகள் தேர்வு, விசா, டிக்கெட் செலவை ஏற்கின்றன. ஆனால், இடையில் வேலையை விட்டால் அதில் எவ்வளவு திருப்பிக் கட்டணும்? கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடுங்க.

ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் பார்க்கலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் நர்ஸ்களை வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது.

கடன் வாங்கிப் போனால், வேலை எவ்வளவு மோசமா இருந்தாலும் விட்டுட்டு வர முடியாது. அதனாலதான் இந்தக் கணக்கை இங்கேயே போட்டுப் பார்க்கணும்.