முட்டைக் கோழிக்கு ஏற்ற தீனி

"வயிறு நிறையத் தீனி இடுகிறோம், முட்டையோ குறைவு" என்று நம் அங்கத்தினர் பலர் கூறக் கேட்கிறோம். குறை பெரும்பாலும் தீனியின் அளவில் அன்று, அதிலுள்ள புரதச் சத்தில்தான்.

முட்டையிடும் கோழியின் தீனியில் நூற்றுக்கு 16 முதல் 18 பங்கு புரதம் இருத்தல் வேண்டும். நொய்யில் உள்ளது ஏறத்தாழ 8 பங்கே. கம்பிலும் சோளத்திலும் 10 அல்லது 11. குப்பைமேட்டைக் கிளறித் திரியும் கோழி, புழுவும் கறையானும் தின்று இக்குறையை ஓரளவு தீர்த்துக்கொள்ளும். தறிக்கொட்டகை ஓரத்தில் அடைபட்ட கோழிக்கு அவ்வழியில்லை. நாம் இடுவதே அதற்கு ஆகாரம்.

கடலைப் பிண்ணாக்கில் புரதம் ஏறத்தாழ 40 பங்கு உண்டு. 8 கிலோ கம்புடன் 2 கிலோ பிண்ணாக்கைத் தூளாக்கிக் கலந்தால் 16 பங்கு கிட்டும். எனினும் பிண்ணாக்குப் புரதத்தில் லைசின், மெத்தியோனின் என்னும் கூறுகள் குறைவு. ஆதலால் அதில் அரைக் கிலோவுக்குப் பதிலாக உப்பிடாத மீன்தூளைச் சேர்ப்பது நலம். உப்புக் கருவாடு ஆகாது.

மலிவென்று பூசணம் பிடித்த பிண்ணாக்கை வாங்கற்க. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டது அத்தகைய பிண்ணாக்கினாலேயே. அந்நஞ்சின் பெயர் அப்லாடாக்சின். வேகவைத்தாலும் முற்றும் அழியாது. நம் கடலையைச் செக்கில் ஆட்டிப் பெறும் பிண்ணாக்கையும் உலர்த்தி, தரையில் படாமல் பலகைமேல் அடுக்குதல் வேண்டும்.

ஓட்டுக்குரிய சுண்ணாம்புச் சத்துக்கு, உடைத்த கிளிஞ்சலைத் தனித் தட்டில் வைத்தால் போதும். வேண்டிய கோழி கொத்திக்கொள்ளும். தீனியிலேயே மிகுதியாகக் கலந்துவிட்டால், இன்னும் முட்டையிடாத இளங்கோழிகளின் சிறுநீரகம் கெடும்.